ஆம்ப் பெட்டியின் குமிழ்

"பொண்ணுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம்?" என்று ஒரு கல்யாண வீட்டில் அவள் கிட்டார் வாசித்தபோது குழுத் தலைவன் டோனி கேட்டது ரெஜினாவின் காதில் இன்னும் இருக்கிறது. இப்போது மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் ஒத்திகை அறையில், மரச்சன்னல் கீற்றுகள் வழியே கடல் வெளிச்சம் கோடு கோடாக விழுகிறது. திருவிழா மேடைக்கான மெட்டு அவள் போட்டது. டோனி அவள் காலடியில், கிட்டார் ஒலியை மாற்றும் ஒரு பெடலைக் கொண்டுவந்து வைக்கிறான். "இத மிதி, கரகரப்பு தானா வரும். ஆம்ப்ப ஏத்தாத, விஜய் வாசிக்கிறது கேக்காது." குழுவின் கிட்டாரை மாட்டிக்கொண்டு அவள் மிதித்துப் பார்க்கிறாள். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய ஒரே கரகரப்பு. ஆம்ப் பெட்டியின் ஒலியை முழுக்க ஏற்றினால் அப்படியில்லை. விரல் கோபித்தால் அதுவும் கோபிக்கும். "விஜய் மட்டும் ஏத்திக்கிறானே, அண்ணா?" "அவன் முன்னாடி நிக்கிறவன். நீ பின்னாடி தான வாசிக்கப் போற." விஜய் சிரித்தபடி தன் கிட்டார் கம்பிகளைத் துடைக்கிறான். ரெஜினா பெடலைக் காலாலேயே அணைக்கிறாள். குனிந்து ஆம்ப்பின் குமிழைக் கடைசிவரை திருகி, ஒரே ஓர் அடி அடிக்கிறாள். சன்னல் கதவுகள் அதிர்கின்றன. பெஞ்சின் மேல் டோனியின் டீ கிளாஸ் நகர்கிறது. அவன் வாயசைவது தெரிகிறது, குரல் கேட்கவில்லை. கிட்டாரைக் கழற்றி ஆம்ப்பின் மீதே சாய்த்து வைக்கிறாள். ஆம்ப்பின் சத்தமே கம்பிகளை அதிரவைக்க, யாரும் தொடாமலேயே கிட்டார் ஊளையிடத் தொடங்குகிறது. செருப்பை மாட்டிக்கொண்டு ரெஜினா படியிறங்கிப் போகிறாள்.