சீட்டில் விழுந்த நிலம்

“மூட்டையை அவிழுங்க. நான் வடக்க வரமாட்டேன்!” என்று கத்தினாள் ஆதாள்.

கழுதை மேல் சுமை ஏற்றிக்கொண்டிருந்த சூகாம் நிமிரவில்லை. “நம்ம தாண் கோத்திரமே கிளம்புது. நீ மட்டும் இந்த மலையில என்ன பண்ணுவ?”

“கீழ பள்ளத்தாக்குல நமக்கு நிலம் இருக்கு. சீட்டுப் போட்டு நாட்டைப் பிரிச்சப்ப உங்க அப்பாவுக்கு விழுந்த பங்கு!”

“அங்க ஏற்கெனவே குடியிருக்கிற எமோரியர் இரும்பு ரதத்தோட நிக்கிறாங்க. ஏர் பூட்டப் போன என் தம்பியோட காலை முறிச்சு அனுப்பலையா?”

“அதனால வடக்க எவனோ நிம்மதியா வாழுற ஊரைப் பிடுங்கப் போறீங்க. விழுந்த பங்கைக் கேட்கத் துப்பில்லை, அடுத்தவன் ஊர் மேல கண்ணு!”

“வாயை மூடுடி! ரதத்துல நிக்கிறது யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“ஏன் தெரியாது? எங்க அப்பாதான்.”

சூகாம் சுமைக் கயிற்றை இழுத்துக் கட்டினான்.

“அவரைப் பகைச்சுக்கிட்டுத்தானே உங்களுக்குக் கழுத்தை நீட்டினேன்? அந்த நிலத்துல சேர்ந்து உழுவோம்னு சொன்னது யாரு?”

அவள் மாட்டைப் பூட்டி, கலப்பையோடு தனியாகப் பள்ளத்தாக்கில் இறங்கினாள். மலைமேல் எல்லோரும் சுமைகளை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

புழுதி பறக்க வந்த ரதம் அவளுக்கு எதிரே நின்றது. ஆதாள் நிற்கவில்லை. முதல் சால் ஓட்டி முடித்து, திரும்பி அடுத்த சாலைத் தொடங்கினாள்.

ரதத்திலிருந்த அவள் அப்பாவுக்கு முகம் சிவந்தது.

“வெறும் ஏரை மட்டும் பூட்டிக்கிட்டு வந்திருக்கியே, விதை எங்கடி?” என்று உறுமினார்.