சிவப்பு நூல்

ஐம்பத்தாறாம் வருஷம் ஐப்பசியில், சூளகிரி ஜட்காக்காரன் கோவிந்தப்பன் வீட்டு வாசலில் கொசுக்காய்ச்சல் டாக்டரின் ஜீப் மறுபடியும் வந்து நின்றது. ஏரிக் கொக்கு, வண்டிக் குதிரை, மனிதர் என்று ஒன்று விடாமல் போன மாதம் ரத்தம் எடுத்துப் போனவர் அவர்.

"ரிசல்ட் வந்துடுச்சுப்பா. சிவப்பு நூல் கட்டின பாட்டில் குதிரையோடது, வெள்ளை நூல் உன்னோடது. குதிரைக்குத்தான் அந்தக் காய்ச்சல் வந்து போயிருக்கு. ஒரு மாசம் எங்க முகாம்ல கொசுவலைக்குள்ள கட்டி வச்சுப் பார்க்கணும்."

கோவிந்தப்பன் குதிரைப் பக்கம் பார்த்தான். குதிரை போனால் வண்டி ஏது, சோறு ஏது?

அவன் மனைவி சென்னம்மாள் முன்னால் வந்தாள். "குதிரை நல்லா துள்ளிக்கினு கெடக்குது சாமி. ஆடி மாசம் முச்சூடும் காய்ச்சல்னு படுத்துக் கெடந்தது இவருதான்!"

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். "இவரா? இவர் ரத்தத்துல ஒண்ணுமே இல்லம்மா. சுத்தம்."

சென்னம்மாள் புருஷன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "அப்ப, ஒரு மாசம் நான் கஞ்சி காச்சி ஊத்துனது அத்தனையும் வேஷத்துக்கா?"

உண்மையைக் கோவிந்தப்பன் எப்படிச் சொல்வான்? ரத்தம் எடுத்த அன்று டாக்டர் கை கழுவப் போன நேரத்தில் இரண்டு பாட்டில்களின் நூலையும் மாற்றிக் கட்டியவனே அவன்தான். நோய் இருந்தால் குதிரையைச் சுட்டுவிடுவார்கள், மனிதனைச் சுட மாட்டார்களே என்ற தைரியம்.

சென்னம்மாளின் கண்ணைப் பார்த்ததும் அந்தத் தைரியமும் போய்விட்டது.