குயில் காத்த செம்மல்

"கொலைகாரி மறுபடி வந்துட்டா!" என்று கத்தியபடி தீனதயாளன் ஹெல்மெட்டை மாட்டினார். மொட்டைமாடிச் சுவரில் அந்தக் காகம், அலகில் எதையோ கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பரமத்தி வேலூரில் இரண்டு போர்வெல் ரிக் வண்டிகளுக்கு முதலாளி அவர். நேற்றுக் காலை தோட்டத்து வேப்பமரத்தடியில், ஒரு குயில்குஞ்சின் வாய்க்குள் அலகை விட்டுக் குத்திக்கொண்டிருந்த காகத்தைக் கல்லால் அடித்து விரட்டினார். குஞ்சை வீட்டு மாடிக்குத் தூக்கிவந்து, கூண்டுக்குள் அடைத்தார்.

மத்தியானமே 'குயில் காத்த செம்மல்' என்று தன் படத்தைத் தானே வாட்ஸப்பில் பரப்பியாயிற்று. ஃப்ளெக்ஸுக்கும் சொல்லியாயிற்று.

சாயங்காலம் செம்மலின் வழுக்கையில் பிளாஸ்திரி. காகம் போட்ட போடு. மனைவி அன்புச்செல்வி துணி காயப்போட்டால் அது ஏனென்று கேட்பதில்லை. செம்மல் கூண்டருகே போனால்தான் பாய்கிறது.

"என்ன திமிரு பாரு! இந்த அமாவாசைக்கு இதுக்குச் சோறு கெடையாது. எங்கய்யனே காக்காயா வந்தாலும் சரி!"

"உங்கய்யனுக்குப் பட்டினி பழக்கந்தானுங்க, உங்க ஊட்ல இருந்தவருதானுங்களே. இந்தக் குஞ்சு என்ன பாவம் பண்ணுச்சு? நேத்திருந்து வாயே தொறக்கல. பாலு, கூழுன்னு சிரிஞ்சுல பீச்சி மூஞ்சியெல்லாம் ஒட்டிக் கெடக்குது. செத்துப்போச்சுன்னா ஃப்ளெக்ஸுல என்னன்னு போடுவீங்க?"

"பயம் புள்ள, பயம்! அந்தக் கொலைகாரி எதுக்க நின்னா எப்படித் திங்கும்? இன்னைக்கு அவளை முடிச்சுப்போடறேன்." உண்டிவில்லை எடுத்தார்.

அன்புச்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூண்டுக் கதவைப் படீரென்று திறந்தாள். "வா சாமி. சாவறதுன்னாலும் வெளிய சாவு, இவரு கூண்டுக்குள்ள வேண்டாம்!"

குஞ்சு தத்தி வெளியே வந்தது. காகம் விர்ரென்று இறங்கியது.

"ஐயோ, குத்தறா புள்ள!" செம்மல் உண்டிவில் ரப்பரை இழுத்தார். அன்புச்செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குஞ்சு இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, நேற்றிலிருந்து மூடிக் கிடந்த வாயை ஆவென்று பிளந்தது. காகம் அதன் தொண்டைவரை அலகை விட்டு எடுத்தது. அலகிலிருந்த புழுவைக் காணோம். குஞ்சு விழுங்கிவிட்டு மறுபடி வாயைப் பிளந்தது.

அன்புச்செல்வி உண்டிவில்லைப் பிடுங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க செம்மலே, நேத்தும் இப்படித்தான் குத்துச்சுங்களா?"