டக்காரிலிருந்து வந்த படம்

போடியில் ஏலக்காய் பிரிக்கும் கூடம். கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயிலில் தூசி மிதக்கிறது. சந்திரவல்லி முறத்துக் காய்களை ஒதுக்கிவிட்டு, கடிதத்தோடு வந்த போட்டோவை அதில் வைக்கிறாள். ஆப்பிரிக்காவில் டக்கார் நகரத்து ஜனாதிபதி மாளிகை. வெள்ளை வாசலில் சிவப்புச் சட்டையும் பளபளக்கும் பூட்சுமாக ஒரு காவலன். பக்கத்தில் புதுப் பேண்ட்டில் சிரிக்கிறான் அவள் புருசன் ராக்கையா. இங்கே எஸ்டேட் ஜீப்பு ஓட்டியவன். “இனி எவன் பங்களா வாசல்லயும் செருப்பக் கழட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனவன். படத்தில் வெறுங்காலோடு நிற்கிறான். செருப்பு இரண்டும் காலருகே ஒதுங்கிக் கிடக்கின்றன. “கொண்டா ஆத்தா, நாங்களும் பாக்குறோம்” என்று அடுத்த முறத்துக் குருவம்மாள் கை நீட்டுகிறாள். சந்திரவல்லி படத்தின் அடிப்பக்கத்தைப் பெருவிரலால் மூடிப் பிடித்தபடி, கையிலிருந்து விடாமல் காட்டுகிறாள். “பேண்ட்டு புதுசுக்கா, பாரு.”