துளசிராமனின் மனைவி

“இவங்கதான் துளசிராமன் சம்சாரம்னு நான் எப்படி நம்பறது?”

டாக்டர் சந்திரகலா இப்படிக் கேட்டதும், முத்தம்மா மேசையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். தன் பெயர்கூட இப்போது அவளுக்கு நினைவில் இல்லை. அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் லட்சுமியம்மாள் உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் எண்பதைத் தாண்டிய வயது. பெரியபாளையத்துக் கோயில் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காமல் நடந்தே வந்திருந்தார்கள்.

துளசிராமன் வெள்ளைக்காரர் ஆட்சியில் சிங்கப்பூரில் குமாஸ்தாவாக இருந்தவர். ஆட்சி போய் இத்தனை காலமாகியும், அவர் மனைவிக்கான பென்ஷன் கடல் தாண்டி வந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாகப் போடுபவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

டாக்டர் முத்தம்மாவிடம் அவள் பெயரைக் கேட்டார். புருஷன் பெயரைக் கேட்டார். “அக்கா, ஊட்டுக்குப் போலாம்” என்பதைத் தவிர முத்தம்மா வேறெதுவும் சொல்லவில்லை.

விவரம் தெரிந்தவர் யாராவது உறுதி சொன்னால்தான் கையெழுத்துப் போட முடியும் என்றார் டாக்டர். பொய்யென்று தெரிந்தால் சொன்னவர்மேல் வழக்கு வரும் என்றும் எச்சரித்தார்.

முத்தம்மாவின் மருந்தும், பகலில் துணைக்கு வரும் பெண்ணின் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் ஓடின.

“நான் சொல்றேம்மா. இவதான் அவரு சம்சாரம். சிங்கப்பூர்ல ரிஜிஸ்டர் பண்ணிக் கட்டிக்கினாரு. அவரு போனப்புறம் நிக்க இடமில்லாம இந்த ஊருக்கு வந்தா. அன்னிலேர்ந்து எங்கூடத்தான் கீறா.”

டாக்டர் அவள் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

லட்சுமியம்மாள் குனிந்து, முத்தம்மாவின் காலைத் தூக்கிச் செருப்பை மாட்டிவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தாள். அதைப் பார்த்த டாக்டரின் குரல் இளகியது.

“கூடப்பொறந்த தங்கச்சியைக்கூட இப்படி யாரும் பாத்துக்க மாட்டாங்க. அவங்க கல்யாணத்துக்கு நீங்களும் சிங்கப்பூர் போயிருந்தீங்களா?”

“இல்லம்மா” என்றாள் லட்சுமியம்மாள், முத்தம்மாவைத் தாங்கி எழுப்பியபடி. “அன்னிக்கு நான் இங்க கழனில நாத்து நட்டுக்கினு இருந்தேன், கழுத்துல அவரு கட்டின தாலியோட.”