ஐந்தாவது விண்ணப்பம்

ஒஹாயோவின் அந்தச் சிறு நகரத்தில், பாகுபாட்டுப் புகார்களைக் கவனிக்கும் மனித உறவு ஆணையத்துக்கு நேர்காணல் வைத்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். ஐந்தாவது வருடமாக விண்ணப்பித்திருந்த ஓர்வில், கோட்டும் டையுமாக வந்திருந்தார்.

"நாலு வருஷமா உங்களைத் திருப்பி அனுப்பிட்டோம். எல்லாத் தரப்பு ஆளுங்களும் இருக்கணும்கிறது விதி. இந்தத் தடவை எழுபது தாண்டினவங்க இடம் காலி. இந்தாங்க, நியமனக் கடிதம்!" என்றாள் செயலாளர் மார்லீன்.

ஓர்வில்லின் முகம் வாடியது. "அப்போ நேர்காணல்?"

"உங்களுக்கு எதுக்குங்க? அதான் நாலு தடவை கேட்டாச்சே. நேரா மாசக் கூட்டத்துக்கு வந்துடுங்க."

"கூட்டத்துல ஊரைப் பத்தித்தானே பேசுவீங்க?"

கடிதத்தை அவள் பக்கமே நகர்த்தினார்.

"இதை வேற யாருக்காவது குடுத்துடும்மா. 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னு என்கிட்ட ஒருத்தர் கேக்குறது, வருஷத்துல இந்த ஒரு நாள்தான்."