பள்ளிவாசலைப் பார்க்க வந்தவர்கள்

"எங்களைப் பத்தி எதை வேணும்னாலும் கேளுங்க" என்றார் இமாம்.

அக்கம்பக்கத்தாரைப் பள்ளிவாசலுக்குள் அழைத்துப் பேசிப் பழக அவர்கள் ஏற்பாடு செய்திருந்த நாள். கூடம் நிறைய நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது நாங்கள் மூன்றே பேர்.

மற்ற இருவரும் எனக்குச் சரியாகப் படவில்லை. நீலச்சட்டைக்காரன் ஒரு கதவு விடாமல் படம் எடுத்தான்.

"எப்போ கூட்டம் அதிகமா இருக்கும்?" என்றாள் கைப்பைக்காரி.

"வெள்ளிக்கிழமை மதியம். கால் வைக்க இடம் இருக்காதும்மா."

"பின்பக்கம் வழி இருக்கா?" என்றான் நீலச்சட்டை.

"இருக்கே! பூட்டுறதே இல்ல." இமாம் கூட்டிப்போய்த் திறந்தே காட்டினார்.

நான் அவருக்குக் கண்ஜாடை காட்டினேன். அவரோ என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "மூணு பேராவது வந்தீங்களே, அதுவே சந்தோஷம். இங்க பார்த்ததை நாலு பேர்கிட்ட சொல்லுங்க."

மறுநாள் காலை, உளவுப் பிரிவு அலுவலகத்தில் என் மேலதிகாரி முன்னால் நின்றேன்.

"சார், அங்க வந்த ரெண்டு பேர் மேல எனக்குச் சந்தேகம்."

அவர் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார். நீலச்சட்டையும் கைப்பைக்காரியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம ஆளுங்கதான்யா. ஒருத்தரை ஒருத்தருக்குத் தெரியாமதானே அனுப்புறோம்? அவங்க ரெண்டு பேரும் உன்னைத்தான் சந்தேகப்படுறாங்க. ஜாடை காட்டினியாமே?"

"அப்போ... ஊர்க்காரங்க யாருமே வரலையா சார்?"

"அது நமக்கெதுக்கு? பார்த்ததைச் சொல்லு."

அந்தப் பின்கதவிலிருந்து ஆரம்பித்தேன்.